குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்னும் கொள்கை

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் ஒரு படம் சமூக ஊடகங்களில் வலம்வருகிறது. நடக்க இயலாத தாயை முதுகில் சுமந்து வங்கிக்கோ வாக்குச்சாவடிக்கோ செல்லும் மகன். அல்லது, வளர்ந்த மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேர்வுக்கூடத்துக்குள் நுழையும் தாய். ஆயிரக்கணக்கானோர் இதயக்குறி இடுகிறார்கள். "தாய்மைக்கு ஈடேது", "கலியுகச் சிரவணன்" எனப் பின்னூட்டங்கள் குவிகின்றன. அந்தத் தாய்க்குச் சக்கர நாற்காலி ஏன் இல்லை, வங்கி ஏன் வீட்டுக்கு வரவில்லை, சுமப்பவரின் முதுகு நாளை பழுதுபட்டால் மறுநாள் என்னவாகும் என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. எழுப்பியவர் "எதிலும் குறை காண்பவர்" ஆகிவிடுகிறார்.

சிரவணனை உவமை காட்டுவோர் கதையின் முடிவை மறந்துவிடுகிறார்கள். பார்வையற்ற பெற்றோருக்காக இருளில் நீர் மொள்ளச் சென்ற மகனை, யானை நீரருந்தும் ஓசையென்று எண்ணி அம்பெய்தவன் அயோத்தியின் அரசகுமாரனான தசரதன். மகன் இறந்தான், அவனைத் தொடர்ந்து பெற்றோரும் இறந்தனர். புத்திர சோகம் என்று அதைச் சொல்வது மரபு. அந்தக் காட்டில் அவர்களுக்கு வேறொரு கை இல்லை என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. ஒரே தோளின் மேல் நிறுத்தப்பட்ட வாழ்க்கைகள் அந்தத் தோள் சாயும்போது சேர்ந்தே சாய்கின்றன. இந்தியாவில் நோயுற்றோரையும் முதியோரையும் கடும் ஊனமுற்றோரையும் பேணும் குடும்பங்கள் இன்று நிற்பது அந்தக் காட்டில்தான்.

இந்திய அரசுகளுக்கு, கட்சி வேறுபாடின்றி, இவ்விஷயத்தில் ஒரு கொள்கை உண்டு. அது எந்த வெள்ளை அறிக்கையிலும் எழுதப்படவில்லை. "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்னும் ஒற்றை வாக்கியமே அந்தக் கொள்கை. மருத்துவமனை நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது எழுதாமல் எழுதுவது அதுவே. சட்டங்கள் அடிக்குறிப்பாய்க் கொண்டிருப்பதும் அதுவே. பண்பாட்டுப் பெருமிதமாகப் பேசப்படும் இந்த வாக்கியம், செலவைக் குறைக்கும் கணக்காக வேலை செய்கிறது என்பதை இனியேனும் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

முதலில் அந்த வாக்கியத்தின் எழுவாயைப் பார்க்கலாம். "குடும்பம்" என்பது கூட்டுப்பெயர். கூட்டுப்பெயர் எழுவாயாக நிற்கும்போது வேலையைச் செய்பவர் யார் என்பது மறைந்துவிடும். அந்த மறைவை விலக்குகிறது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் தம் வீட்டாரைப் பேணும் பணியில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். அப்படி ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சுமார் 140 நிமிடம். ஆண் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும். சமையலும் துணி துவைப்பதும் வேறு கணக்கு. இரவில் அரைத் தூக்கத்தில் காது கொடுத்துப் படுத்திருப்பதையும், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போக முடியாமல் இருப்பதையும் எந்த நிமிடக் கணக்காலும் முழுதாக அளக்க இயலாது. ஆக, "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்பதன் சரியான பெயர்ப்பு: மனைவி பார்த்துக்கொள்வாள், மகள் பார்த்துக்கொள்வாள், மருமகள் பார்த்துக்கொள்வாள், தாய் சாகும்வரை பார்த்துக்கொள்வாள்.

இந்தப் பணியைச் செய்பவருக்கு நம் மொழிகள் என்ன பெயர் வைத்திருக்கின்றன என்பதும் கவனத்துக்குரியது. இந்தி வழங்கும் ஊர்களில் மருத்துவமனைச் சுவர்களில் "தீமார்தார்" என்னும் சொல்லைக் காணலாம். அதன் வேரான பாரசீகத் "தீமார்" பேணுதலையும் துயரையும் ஒருங்கே குறிப்பது. மலையாளத்தில் "கூட்டிரிப்புகாரர்", கூட இருப்பவர். அதே கேரளத்து மருத்துவமனை ஆங்கிலத்தில் அவர் "பைஸ்டாண்டர்". அச்சொல்லுக்கு ஆங்கில அகராதி தரும் பொருளோ அருகில் நின்று பார்ப்பவர். தமிழ்நாட்டில் "அட்டெண்டர்". இப்பெயர்கள் யாவும் மருத்துவமனைக் கட்டிலை ஒட்டியே பிறந்தவை. நோயாளியோடு வீடு திரும்பியதும் அப்பெயரும் உதிர்ந்துவிடுகிறது. பத்தாண்டுகளாகப் படுக்கையில் கிடக்கும் கணவனைப் பேணும் பெண்ணைப் பற்றி "என்ன செய்கிறார்" என்று கேட்டால் வரும் விடை, "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்." பெயரில்லாத வேலைக்குக் கூலி இல்லை, விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை.

சட்டங்கள் பெயர் வைத்திருக்கின்றனவே எனலாம். உண்மைதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளரை வரையறுக்கிறது: ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணும் பெற்றோர், குடும்பத்தார், பிறர் அனைவரும் அதில் அடங்குவர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் வரையறுக்கிறது. வரையறைக்குப் பிறகு என்ன தருகின்றன என்று பார்க்கும்போதுதான் இடறுகிறது.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. அரசு திட்டங்களை வகுக்க வேண்டும் என்கிறது; கூடவே, தன் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்கிறது. அப்பிரிவின் பட்டியலில் பராமரிப்பாளர் படி என்று ஒன்று இடம்பெறுகிறது. அது யாருக்கு? அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்கு. நான்காம் வேற்றுமையின் முதற்பொருள் கொடை என்று பள்ளி இலக்கணத்தில் படிக்கிறோம். இச்சட்டத்தில் அந்தக் "கு" உருபு பராமரிப்பாளர் என்னும் சொல்லோடு எங்கும் உரிமையாய்ச் சேரவில்லை. மாற்றுத்திறனாளியின் உதவிக்கான பணம் அவர் கையில் இருப்பதே சரி, அதில் ஐயமில்லை. ஆனால் பேணுபவளின் தூக்கம், முதுகுவலி, விட்டுப்போன படிப்பு, கைநழுவிய வேலை, முதுமைக்கான சேமிப்பு ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு "கு" எங்கே இருக்கிறது?

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநோயுற்றவரின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளை அரசு தர வேண்டியவற்றின் வரிசையில் வைக்கிறது. நல்ல வாசகம். எத்தனை மாவட்டங்களில் அந்தச் சேவையின் கதவைத் தட்ட ஒரு முகவரி இருக்கிறது என்று அந்தந்த மாவட்டத்தார் தாமே சோதித்துப் பார்க்கலாம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மன இறுக்கம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோரின் குடும்பம் நெருக்கடியில் சிக்கும்போது உதவுவதையும், பெற்றோர் இறந்தபின் அவர்களைப் பேணுவதையும் தன் நோக்கங்களாகவே அறிவித்தது. அதன்கீழ்க் குறுகியகாலத் தங்கலுக்கு "சமர்த்" என்றும், பராமரிப்பாளர் பயிற்சிக்குச் "சகயோகி" என்றும் திட்டங்கள் வந்தன. ஆனால் அவை பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களின் வழியே நடப்பவை. நிறுவனம் இருக்கும் நகரத்தில் திட்டம் உண்டு. நிறுவனம் இல்லாத வட்டத்தில் அறிவிப்பு மட்டும் உண்டு.

இவற்றோடு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பேணும் பொறுப்பில் உள்ள ஒருவர் மூத்த குடிமகனைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிடப்படும் முதியோருக்குச் சட்டத்தின் துணை தேவைதான். ஆனால் அதே சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றேனும் முதியோர் இல்லம் என்பதைப் பற்றிப் பேசும்போது மாநில அரசு "நிறுவலாம்" என்கிறது. குடிமகனுக்கு "வேண்டும்", அரசுக்கு "லாம்". இந்த ஒரு விகுதி வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது முழுக் கொள்கையும். தவறும் குடும்பத்தைத் தண்டிக்க அரசிடம் சட்டம் இருக்கிறது. தவறாமல் இருபது ஆண்டு பேணிய குடும்பத்துக்கு ஒரு வார ஓய்வு தர அரசிடம் ஆள் இல்லை.

அரசுக்கு இந்தச் செலவும் இந்தச் சோர்வும் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்பதற்குச் சான்றுகள் அரசின் ஆணைகளிலேயே இருக்கின்றன. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கும், துணையின்றிக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும், பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறன் குழந்தையாயின் அதற்கு வயது வரம்பும் தளர்த்தப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளியைப் பேணும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு உண்டு. இரண்டுமே நியாயமானவை. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, தம்மைச் சார்ந்த மாற்றுத்திறனாளியைப் பேணுவோருக்கு 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ ஆயின் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தந்தது. 30 விழுக்காட்டு வரி கட்டுபவர் பழைய வரிமுறையில் இதனால் மிச்சப்படுத்தியது ஆண்டுக்கு 37,500 ரூபாய். மறுபுறம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 விழுக்காடு குறைபாடுடைய ஒருவருக்கு இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600. மாநிலங்கள் தம் பங்கைக் கூடுதலாய்த் தருகின்றன. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆயினும் தில்லியின் கணக்கில், வசதியுள்ள வீட்டின் பராமரிப்புச் செலவுக்கு ஏழை வீட்டைப் போல் பத்து மடங்குக்கு மேல் மதிப்பு. ஊதியச் சீட்டும் வரிக் கணக்கும் உள்ள பராமரிப்பாளர் அரசின் கண்ணுக்குத் தெரிகிறார். கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்பவரும் தெரிவதில்லை.

பன்னாட்டு உடன்படிக்கையையும் இங்கே நினைவூட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது. அதன் 28ஆம் உறுப்பு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் பயிற்சி, ஆற்றுப்படுத்தல், நிதியுதவி, "ரெஸ்பைட் கேர்" ஆகியவை அரசிடமிருந்து கிடைக்க வேண்டும் என்கிறது. பேணுபவர் சில மணிநேரமோ சில நாளோ இளைப்பாற, அவ்விடத்தில் பயிற்சி பெற்ற வேறொருவர் நிற்பதே அது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உடன்படிக்கையை நிறைவேற்றவே இயற்றப்பட்டது. 24ஆம் பிரிவின் பட்டியலில் ஓய்வூதியம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, வேலையில்லாப் படி இருக்கிறது. அந்த இளைப்பாறல் இல்லை.

"குடும்பமே மருந்து" என்னும் கருத்து இந்தியாவில் எங்கிருந்து வலுப்பெற்றது என்பதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், இடமும் ஆளும் போதாத நிலையில், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் அமைத்துத் தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களோடு பேசினார். சங்கிலியும் பூட்டும் பெயரெடுத்திருந்த மனநல மருத்துவமனைக்குள் உறவினரின் குரல் கேட்டது. நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினர். பின்னர் வேலூரிலும் பெங்களூரிலும் இவ்வழி தொடர்ந்தது. உலகுக்கு இந்திய மனநல மருத்துவம் அளித்த பெருமைக்குரிய பங்களிப்பு இது.

ஆனால் அந்தக் கூடாரத்தில் குடும்பத்தோடு மருத்துவரும் இருந்தார். அதுவே அம்முறையின் உயிர். காலப்போக்கில் கூடாரம் போயிற்று, மருத்துவர் போனார், குடும்பம் மட்டும் எஞ்சியது. வெளிநோயாளர் பிரிவில் சில நிமிடம், ஒரு மாத மாத்திரை, "கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்னும் சொல். வித்யாசாகர் குடும்பத்தைச் சிகிச்சையின் கூட்டாளி ஆக்கினார். பின்வந்த அமைப்போ குடும்பத்தைச் சிகிச்சை அமைப்புக்குப் பதிலி ஆக்கிவிட்டது.

பதிலியாக்கப்பட்ட குடும்பம் என்ன செய்யும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை நாடே பார்த்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கூரைக் கொட்டகையில் நடந்த தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன, 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் கூடாதெனத் தடை செய்தது. சரியான தடை. ஆயினும், அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார் என்னும் கேள்விக்கு "இரக்கமற்ற உறவினர்" என்னும் விடை இன்றும் எளிதாக வருகிறது. நேர்த்திக்கடனாக ஏர்வாடிக்கு வந்த அந்த உறவினர்களில் எத்தனை பேருக்கு, அதற்கு முன் தம் ஊரில் தொடர்ந்து மருந்து கிடைத்தது? எத்தனை வீடுகளுக்கு ஒரு செவிலியர் வந்து கதவைத் தட்டினார்? சங்கிலி கொடுமை, அதை அவிழ்த்தே தீர வேண்டும். அவிழ்த்த கையில் வேறு எதையேனும் கொடுத்தோமா என்பதும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வேறு எதைக் கொடுக்க முடியும் என்று கேட்போருக்கு, கற்பனைக்குப் போகாமலேயே காட்ட ஒரு மாநிலம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். விரைவிலேயே அவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியது. புற்றுநோயாளியின் வலிக்கு மருந்து தந்துவிடலாம். அவர் வீட்டில் அரிசி இல்லாததற்கும், பிள்ளையின் படிப்பு நிற்பதற்கும், மனைவி ஆறு மாதமாக வெளியே தலைகாட்டாததற்கும் மருத்துவமனையில் மருந்து இல்லை. அதற்கான மருந்து அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புறத்திலிருந்து பரவிய அண்டைவீட்டார் வலையமைப்பு இந்தப் புரிதலில் விளைந்தது. ஆசிரியர், மாணவர், கடைக்காரர், கூலித் தொழிலாளி எனப் பலரும் குறுகிய பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்கினார்கள். சிறு தொகைகளைத் திரட்டினார்கள். செவிலியரோடு வீடு வீடாகச் சென்றார்கள். படுக்கைப்புண்ணைக் கழுவக் கற்றுத்தந்தார்கள். ரேஷன் அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் எழுதினார்கள். சில நேரம் வெறுமனே உட்கார்ந்து பேசினார்கள். பேணுபவளிடம் "நீங்கள் தூங்கினீர்களா?" என்று கேட்க ஓர் அந்நியர் வாசல்படி ஏறியதே பல வீடுகளில் பெரிய மாற்றம்.

இது நல்லுள்ளங்களின் கதை என்று சொல்லி நிறுத்திக்கொள்வது தவறு. 2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. ஊராட்சிகள் வீட்டுப் பராமரிப்புக்குச் செவிலியரை அமர்த்தி நடத்தும் நிலை உருவானது. அது சாத்தியமானதற்குக் காரணம், 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பங்கை உள்ளாட்சிகளிடம் முன்பே ஒப்படைத்திருந்தது. அண்டைவீட்டாரின் அன்பு தொடங்கிவைத்தது. அதை நிலைநிறுத்தியவை ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கில் எழுதப்பட்ட ஒரு தலைப்பும், மாதச் சம்பளம் பெறும் ஒரு செவிலியரும்.

அதே கேரளம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. படுக்கையில் இருப்போரையும் கடும் குறைபாடு உடையோரையும் முழுநேரமாகப் பேணுபவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் "ஆசுவாசகிரணம்" திட்டம் அங்கு உண்டு. பராமரிப்பாளர் என்பவரைப் பயனாளியாக ஏற்றதில் அது முன்னோடி. ஆனால் அந்த 600 ரூபாயே நிலுவையில் நிற்பதும், பேணுவோர் அதற்காகக் காத்துக்கிடப்பதும் செய்தியாயின. நாளொன்றுக்கு 20 ரூபாய், அதற்கும் நிலுவை. நிதி நெருக்கடி வரும்போது முதலில் நிறுத்தப்படுவது யாருடைய பணம் என்று பார்த்தால், அவர் தெருவில் இறங்கிப் போராட முடியாதவர் என்பது தெரியும். படுக்கையில் கிடப்பவரைத் தனியே விட்டுவிட்டு அவர் எப்படிப் போராட வருவார்?

இவ்விடத்தில் மூன்று மறுப்புகள் வரும்.

முதலாவது, "இது மேற்கத்தியச் சிந்தனை, நம் பண்பாட்டில் பெற்றோரைப் பேணுவது கடமை." கடமையை யாரும் மறுக்கவில்லை. ஆசியக் குடும்பப் பற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஜப்பான், 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 40 வயது நிரம்பியோர் அனைவரும் தவணை செலுத்துகிறார்கள். உதவியாளர் வீட்டுக்கு வருகிறார். முதியவர் பகலில் பராமரிப்பு மையத்துக்குச் சென்று திரும்புகிறார். அதனால் அங்கே மகன்களும் மகள்களும் பாசத்தை இழந்துவிடவில்லை. மருமகளின் முதுகெலும்பின் மேல் மட்டுமே நிற்கக்கூடிய பண்பாடு என்றால், அதைப் பண்பாடு என்று அழைப்பதற்கு முன் அந்த மருமகளை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, "பணம் எங்கே இருக்கிறது?" செலவு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வேலையை விட்ட தாயின் கூலியாகவும், பள்ளியை விட்ட அக்காளின் எதிர்காலமாகவும், வட்டிக்கு வாங்கிய கடனாகவும் அதைக் கட்டிக்கொண்டிருப்பவை ஏழைக் குடும்பங்கள். அரசு ஏற்றுக்கொள்ளாதவரை அச்செலவு கணக்கில் வராது என்பதே வேறுபாடு. வரிச்சலுகைக்கு இடம் இருந்த கணக்கேட்டில் செவிலியரின் சம்பளத்துக்கு இடமில்லை என்பதை எந்த நிதியமைச்சர் சொன்னாலும் ஏற்கத் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு முந்தையவற்றைவிடக் கனமானது. மாற்றுத்திறனாளிகள் இயக்கத்திலிருந்து வருவது. பேணுவோரின் துயரை மிகுதியாகப் பேசினால், பேணப்படுபவர் "சுமை" ஆகிவிடுகிறார். அவருடைய விருப்பத்தைக் குடும்பம் தீர்மானிக்கும் பழைய நிலைக்கு அது இட்டுச்செல்லும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. குடும்பத்தின் பெயரால் அடைத்துவைக்கப்பட்டோர் பலர். எனவே பராமரிப்பாளர் உரிமை என்பது மாற்றுத்திறனாளியின் மேல் செலுத்தும் உரிமையாக ஒருபோதும் ஆகக் கூடாது. ஆனால் இருவரையும் ஒரே அறைக்குள் அடைத்து, ஒருவர் இல்லாமல் மற்றவர் மூச்சுவிட முடியாதபடி செய்தது யார்? வெளியிலிருந்து ஓர் உதவியாளர் வருவாரானால் தாய்க்கு ஓய்வு கிடைக்கும்; அதே நேரத்தில் மகனுக்குத் தாயின் கண்காணிப்பிலிருந்து விடுதலையும் கிடைக்கும். தன்னைக் குளிப்பாட்ட யார் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அவனுக்கும் ஓர் உரிமை பிறக்கும். இருவரின் நலனும் மோதுவதாகத் தோன்றுவது மூன்றாவது கை இல்லாத வீட்டில்தான்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். "விழிப்புணர்வு", "பாராட்டு விழா", "சிறந்த தாய் விருது" ஆகியவை இவற்றில் சேரா.

1. ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சி வார்டிலும் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் பணியிடம், நிரந்தர ஊதியத்தோடு. ஏற்கெனவே பணிச்சுமையில் தவிக்கும் ஆஷா பணியாளர் தலையில் இதையும் ஊக்கத்தொகைக் கணக்கில் ஏற்றக் கூடாது.

2. முழுநேரம் பேணும் ஒவ்வொருவருக்கும் ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள் இளைப்பாறும் உரிமை. அந்நாள்களில் மாற்று ஆளையோ குறுகியகாலத் தங்குமிடத்தையோ தருவது உள்ளாட்சியின் கடமை. சட்டத்தில் "லாம்" போதாது, "வேண்டும்" வேண்டும்.

3. பராமரிப்பாளர் பெயரிலேயே, மாற்றுத்திறனாளியின் ஓய்வூதியத்தைக் குறைக்காத, விலைவாசியோடு உயரும் மாதப் படி. படி மட்டும் தந்து சேவையை மறுப்பது பெண்ணை மலிவான கூலிக்கு வீட்டோடு கட்டிப்போடுவதாகும். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

4. பேணுவதில் கழிந்த ஆண்டுகளை உழைத்த ஆண்டுகளாக ஏற்று, முதுமையில் ஓய்வூதியம். பணியிடை விடுப்பும் இடமாற்ற விலக்கும் அரசு ஊழியருக்கு அப்பால் அமைப்புசாராத் தொழிலாளருக்கும் ஏதேனும் ஒரு வடிவில் எட்ட வேண்டும்.

5. "என் காலத்துக்குப் பிறகு யார்?" என்னும் கேள்விக்கு எழுத்தில் விடை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, மாற்றுத்திறனாளியின் விருப்பத்தைக் கேட்டு, அவர் எங்கே, யாருடைய உதவியோடு வாழ்வார் என்பதற்கு உள்ளாட்சி பொறுப்பேற்கும் திட்டம்.

ஐந்தாவது கோரிக்கையை யாரும் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. குறைபாடுள்ள பிள்ளையோடு சேர்ந்து உயிர் துறந்த பெற்றோரைப் பற்றிய சிறு செய்திகள் நாளிதழ்களின் உள்பக்கங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. "மனமுடைந்து" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வீடுகளில் முதலில் உடைந்தது மனமா, அல்லது "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்னும் வாக்கியமா என்பதை எந்தக் காவல் நிலையக் குறிப்பும் விசாரிப்பதில்லை.

முதுகில் தாயைச் சுமக்கும் மகனின் படம் மீண்டும் வரும். அப்போது இதயக்குறி இடுவோர் இடட்டும். அதன்கீழ் ஒரு வரியும் சேர்த்து எழுதட்டும்: இது எந்த ஊராட்சி, அங்கே வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் இருக்கிறாரா, அந்த மகன் கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார்?